தொட்டியில் குழந்தை: அடிவாசகத்தை எழுதியது யார்?

பாரிஸில் 1844ஆம் ஆண்டு வெளியான ஒரு கல்லச்சுப் படம். ஒரு பெண் மேசைமேல் கவிந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். அதே அறையில் ஒரு குளியல் தொட்டி. அதற்குள் அவளுடைய குழந்தை தலைகுப்புற விழுந்து கிடக்கிறது. கால்கள் மட்டும் வெளியே தெரிகின்றன. தாய் படைப்பின் நெருப்பில் இருக்கிறாள், பிள்ளை தொட்டித் தண்ணீரில் இருக்கிறது என்று சிலேடை பேசுகிறது கீழே அச்சிட்ட வாசகம்.

வரைந்தவர் ஹொனோரே டோமியே. படம் 'நீலக் காலுறைக்காரிகள்' வரிசையைச் சேர்ந்தது. எழுதும் பெண்களுக்கு அந்தக் காலம் வைத்திருந்த கேலிப்பெயர் அது. வரிசையில் மொத்தம் 40 படங்கள். பெண் எழுத்தாளர்கள்மேல் 19ஆம் நூற்றாண்டு ஆண்களுக்கு இருந்த கசப்பைப் பற்றி எழுதும் ஆய்வாளர்கள் இந்தப் படத்தை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். எடுத்துக்காட்டும்போது பெரும்பாலும் பேசுவது படத்தைப் பற்றியல்ல, அடியில் உள்ள வரியைப் பற்றி. 'டோமியே சொல்கிறார்' என்று தொடங்கி அந்த வரியைத் தருவார்கள். டோமியேதான் சொன்னாரா? படத்துக்குள், கல்லிலேயே, 'எச். டி.' என்று தன் முதலெழுத்துகளைப் போட்டிருக்கிறார். வாசகத்துக்கு அடியில் யார் பெயரும் இல்லை. என் தேடல் அந்த வெற்றிடத்திலிருந்து தொடங்கியது.

முதலில் படம் வந்த பத்திரிகையைப் புரட்ட வேண்டும். 'லெ ஷாரிவாரி' 1832 டிசம்பர் 1 அன்று தொடங்கிய நாளேடு. நான்கு பக்கம், அதில் மூன்றாம் பக்கம் பெரும்பாலும் ஒரு கல்லச்சுப் படத்துக்கு. நிறுவியவர் ஷார்ல் ஃபிலிப்போன். இதன் இதழ்களை பிரான்ஸ் தேசிய நூலகம் 'கல்லிக்கா' தளத்தில் ஏற்றியிருப்பதால் இன்று எந்த ஊரிலிருந்தும் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். படம் அச்சான தாளின் பின்புறம் நான்காம் பக்கம். அந்த எழுத்துகள் மங்கலாக முன்பக்கம் ஊடுருவித் தெரியும். இதே படங்களைப் பின்பக்கம் வெறுமையான நல்ல தாளிலும் அச்சிட்டு, சிலவற்றுக்கு வண்ணமும் தீட்டி, ஃபிலிப்போனின் மைத்துனர் கப்ரியேல் ஓபேரின் கடையில் தனியாக விற்றார்கள். சேகரிப்பாளர்கள் விரும்புவது அந்த வெள்ளைத்தாள் படியைத்தான். துப்புத் துலக்குகிறவனுக்கு உதவுவது அழுக்கான செய்தித்தாள் படி. அதில்தான் தேதி இருக்கிறது, அன்றைய மற்ற கட்டுரைகள் இருக்கின்றன, பத்திரிகை எந்தக் குரலில் பேசிக்கொண்டிருந்தது என்பதும் இருக்கிறது.

1844இன் இதழ்களை அப்படி வரிசையாகப் படித்தால் ஒன்று உடனே காதில் விழும். படங்களின் அடியில் பேசும் குரலும் பக்கத்துப் பத்திகளின் குரலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அதே சிலேடை, அதே பாசாங்கான மரியாதை. ஆனால் நடை ஒற்றுமையை வைத்துக்கொண்டு யார்மீதும் வழக்குத் தொடுக்க முடியாது. அதற்குக் காகிதச் சான்று வேண்டும்.

சான்று தேடுவதற்கு முன்னால், ஒரு அரசியல் ஓவியர் குளியலறைக்குள் எப்படி வந்து சேர்ந்தார் என்பதைப் பார்த்துவிட வேண்டும். டோமியே 1808இல் மார்செய்யில் பிறந்தவர். தந்தை கண்ணாடி பொருத்தும் தொழிலாளி, கூடவே கவிதைப் பித்து. பாரிஸ் வந்த பையன் வழக்கு அலுவலகத்தில் எடுபிடி வேலை பார்த்தான், பிறகு புத்தகக் கடையில். வக்கீல்களின் அங்கியும் அலட்டலும் பிற்காலத்தில் அவ்வளவு சரியாகக் கைக்கு வந்ததற்கு அந்த எடுபிடி வேலையும் ஒரு காரணம். 1831 டிசம்பரில், அரசர் லூயி-ஃபிலிப்பை மக்கள் பணத்தைக் கூடை கூடையாக விழுங்கும் அரக்கனாக வரைந்தார். ஆறு மாதச் சிறை, 500 ஃபிராங்க் அபராதம். 1834 ஏப்ரலில் திரான்ஸ்நொனேன் தெருவில் ஒரு வீட்டுக்குள் புகுந்து படைவீரர்கள் அங்கிருந்தவர்களைக் கொன்றபோது அதையும் வரைந்தார். இரவு உடையில் ஒரு ஆண் கட்டிலருகே சரிந்து கிடக்கிறான். அவன் உடலுக்கு அடியில் ஒரு குழந்தையின் தலை. அந்தப் படத்துக்கு அடிவாசகம் என்ன தெரியுமா? தெருவின் பெயரும் தேதியும். அவ்வளவுதான். அரசு அதன் படிகளைத் தேடித் தேடிப் பறிமுதல் செய்தது.

1835 ஜூலையில் ஃபியெஸ்கி என்பவன் அரசரைக் கொல்ல முயன்றான். அதைச் சாக்காக வைத்துச் செப்டம்பரில் வந்த சட்டங்கள் படங்களுக்கு முன்தணிக்கையைத் திரும்பக் கொண்டுவந்தன. தணிக்கை இனி ஒருபோதும் வராது என்று 1830ஆம் ஆண்டின் அரசியல் சாசனம் உறுதி சொல்லியிருந்ததே என்று கேட்டால், அது கருத்துக்குத்தான், படத்துக்கு அல்ல என்று விளக்கம் வந்தது. ஆகவே எழுத்து முன் அனுமதியில்லாமல் அச்சேறலாம். படம் மட்டும் உள்துறை அமைச்சகத்தின் வாசலில் நிற்க வேண்டும். அரசரை வரைய முடியாத ஓவியர்கள் அரசரின் குடிகளை வரையத் தொடங்கினார்கள்: நடுத்தர வர்க்கத்தின் கல்யாணம், வாடகைத் தகராறு, ஞாயிற்றுக்கிழமை ஊர்சுற்றல், நாடக அரங்கு, ஆற்றுக் குளியல், தூண்டில். டோமியேவின் 'தாம்பத்திய ஒழுக்கங்கள்' 60 படங்கள். 'நல்ல நடுத்தர வர்க்கத்தார்' 82. தணிக்கை இல்லாதிருந்தால் இந்த வீட்டுக்கூடங்களில் பலவற்றை நாம் பார்த்தே இருக்க மாட்டோம் என்பது என் எண்ணம்.

இங்கே தேடலுக்கு முதல் பிடி கிடைக்கிறது. 1836இல் தொடங்கிய 'ரொபேர் மகேர்' வரிசை, மேடையில் புகழ்பெற்ற ஒரு மோசடிக்காரப் பாத்திரத்தை வங்கியாளனாகவும் வக்கீலாகவும் மருத்துவனாகவும் கம்பெனிப் பங்கு விற்பவனாகவும் நடமாடவிட்டது. நூறு படங்கள். ஒவ்வொன்றிலும் மகேர் தன் ஒல்லிக்குச்சிக் கூட்டாளி பெர்த்ரானிடமோ ஏமாளி ஒருவனிடமோ நீட்டி முழக்குகிறான். படத்தின் தலைப்பருகே டோமியே, ஃபிலிப்போன் என்று இரண்டு பெயர்களும் அச்சாகியிருக்கின்றன. யோசனையும் வசனமும் ஃபிலிப்போனுடையவை. வரைந்த கை டோமியேவுடையது. இதில் ஒளிவுமறைவே இல்லை. முதலாளி தன் பெயரைத் தானே போட்டுக்கொண்டார்.

நம் வார இதழ்களில் ஜோக்கின் அடியில் எழுதியவர் பெயரும் படத்துக்குள் ஓவியரின் கையெழுத்தும் தனித்தனியாக இருப்பதைப் பார்த்து வளர்ந்த வாசகருக்கு இந்த ஏற்பாடு புதிதாக இராது. ஷாரிவாரியில் புதிர் என்னவென்றால், மகேர் வரிசையில் இருந்த இரண்டாவது பெயர் மற்ற வரிசைகளில் காணாமல் போய்விடுகிறது.

எதிர்ச்சான்றையும் பார்த்தாக வேண்டும். அதே பத்திரிகைக்கு அதே ஆண்டுகளில் வரைந்தவர் கவார்னி. அவர் தன் வாசகங்களைத் தானே எழுதியவர். அவற்றுக்காகவே எழுத்தாளர்கள் அவரைக் கொண்டாடினார்கள். இருவரின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. கவார்னியின் வாசகம் குறுகியது, ஒட்டுக்கேட்ட பேச்சுபோலப் பாதியில் தொடங்கிப் பாதியில் நிற்கும். அதை எடுத்துவிட்டால் அழகாக உடுத்திய இரண்டு பேர் நிற்பது மட்டுமே மிஞ்சும். அவர் படத்தின் கதை வாசகத்துக்குள்தான் இருக்கிறது. டோமியே படத்தில் வாசகத்தை விரலால் மறைத்துப் பாருங்கள். கணவனின் சலிப்பு, மனைவியின் தோள் திருப்பல், நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியின் அவஸ்தை, எதுவும் குறைவதில்லை. கவிஞர் போதலேர் 1857இல் பிரெஞ்சுக் கேலிச்சித்திரக்காரர்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதைக் கண்டுகொண்டிருக்கிறார்: டோமியே படங்களின் கீழே எழுதப்படும் வாசகங்களால் பெரிய பயனில்லை, பெரும்பாலும் அவை இல்லாமலே படம் நிற்கும் என்பது அவர் கருத்து. வாசகங்கள் பிறர் எழுதுபவை என்ற தொனியில்தான் அந்த இடத்தை அவர் எழுதியிருக்கிறார்.

அடுத்து அட்டவணைகள். டோமியே ஆய்வில் எல்லாரும் போய்ச் சேரும் இடம் லொயிஸ் டெல்டெய்யின் பட்டியல். 1904இல் ஹசார் என்பவருடன் சேர்ந்து ஒரு பட்டியல் போட்ட டெல்டெய், பிறகு தன் பெரும் அச்சுப்பட அகராதியில் டோமியேவுக்கென்றே பத்துத் தொகுதிகளை ஒதுக்கினார். அவை 1925க்கும் 1930க்கும் இடையில் வெளிவந்தன. முழுவதும் அச்சாவதற்கு முன்பே, 1927இல், அவர் இறந்துபோனார். கடைசி எண் 3958. இன்று 'டோமியே ரெஜிஸ்டர்' என்ற இணையப் பட்டியல் அந்த எண்களின்மேல் மேலும் செய்திகளைச் சேர்த்துத் தருகிறது. அவசரக்காரர்கள் இந்தப் பட்டியல்களில் படத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது 'நிலைகள்' என்ற பகுதி. ஒரு கல்லிலிருந்து முதலில் எடுத்த புரூஃபில் என்ன இருந்தது, பிறகு என்ன சேர்ந்தது, எது மாறியது என்று டெல்டெய் படிப்படியாகக் குறித்து வைத்திருக்கிறார்.

அந்த நிலைகளைப் படித்தால் பணிமனை கண்முன் விரியும். டோமியே சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புக் கலந்த கிரேயானால் வரைகிறார். கல் அச்சகத்துக்குப் போகிறது. அங்கே அதன் ஓரத்தில் ஒரு எண் விழுகிறது. எழுத்தே இல்லாமல் சில புரூஃப்கள் எடுக்கிறார்கள். ஒரு புரூஃபின் அடியில் யாரோ பேனாவால் வாசகத்தை எழுதுகிறார்கள். அது தணிக்கைக்குப் போய்த் திரும்புகிறது. பிறகுதான் எழுத்துக் கைவினைஞர் அந்த வாசகத்தை, வரிசையின் பெயரை, ஓபேர் கடையின் முகவரியைக் கல்லில் ஏற்றுகிறார். பேனா வாசகத்தோடு தப்பிப் பிழைத்த புரூஃப்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் இருக்கும் வாசகம் வேறு, பத்திரிகையில் அச்சானது வேறு. வரைந்து முடிந்த படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, இதற்கு என்ன சொல்லலாம் என்று யோசித்து, அடித்து, திருத்தி எழுதியிருக்கிறார்கள். பேனா பிடித்தது பத்திரிகைக் கை. ஃபிலிப்போனின் கையெழுத்தும் அவற்றில் உண்டு.

இது வெறும் வசதிக்கான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை. படத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் தணிக்கையாளர் கையில் இருக்கும்போது, எந்தச் சொல் தாண்டும், எது தாண்டாது என்று தெரிந்த ஆளிடம்தான் கடைசிச் சொல் இருக்கும். அது ஓவியராக இருக்க வாய்ப்பில்லை. வாரத்துக்குப் பல கற்கள் வரைந்து கொடுக்க வேண்டியவர் அவர்.

தேசிய நூலகத்துக்குச் சட்டப்படி ஒப்படைத்த படிகளும், அவற்றை ஒட்டி வாராவாரம் வெளியான 'பிரான்ஸ் நூற்பட்டியல்' என்ற இதழும் இன்னொரு வழி. இது பாதியிலேயே முட்டிக்கொண்டு நிற்கும் வழி. தலைப்பு, அச்சகம் என்று பதிவு உண்டே தவிர, வாசகம் எழுதியவருக்கென்று ஒரு கட்டமே அங்கில்லை. கூலிக்கு எழுதியவனை எந்த ஆவணமும் கேட்கவில்லை.

சரி, வரி டோமியேவுடையது அல்ல. யோசனையாவது அவருடையதா? 'நீலக் காலுறைக்காரிகள்' என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனேன். 1840 தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகள் பாரிஸில் 'இன்னாரின் உடற்கூறு' என்ற பெயரில் கைக்கடக்கமான நகைச்சுவைப் புத்தகங்கள் மழையாகப் பொழிந்தன: மாணவனின் உடற்கூறு, தையல்காரியின் உடற்கூறு, கவிஞனின் உடற்கூறு. விலங்கியல் நூல் எழுதுவதுபோல மனித வகைகளை விவரிப்பவை. பலவற்றை வெளியிட்டது அதே ஓபேர் நிறுவனம். சிலவற்றுக்கு டோமியேவும் வரைந்தார். 1841இல் இந்த வரிசையில் ஒரு தலைப்பு: 'நீலக் காலுறைக்காரியின் உடற்கூறு'. எழுதியவர் நாவலாசிரியர் ஃப்ரெதெரிக் சூலியே, படம் போட்டவர் ஜூல் வெர்னியே. அதாவது டோமியே கல்லில் கை வைப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அந்த வீட்டில் இந்தச் சரக்கு வேறு ஆசிரியர், வேறு ஓவியரோடு விற்றுப்போயிருக்கிறது. அதை மறுபடி பெரிய அளவில் விற்கலாம் என்று கணக்குப் போட்டது கடையாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னும் பின்னால் போனால் 1839இல் 'தாம்பத்திய ஒழுக்கங்கள்' வரிசையில் ஒரு படம். கிழிந்த கால்சட்டையோடு கணவன் கத்துகிறான். மனைவி புத்தகத்தோடு சாய்ந்திருக்கிறாள். பெண்கள் கால்சட்டை தைக்காமல் போனதற்கு நாவலாசிரியை ஜார்ஜ் சாந்த்தான் காரணம், ஒன்று விவாகரத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் அந்த ஆசிரியரை ஒழியுங்கள் என்பது அவன் கோரிக்கை. பிரான்ஸில் 1816இல் ஒழிக்கப்பட்ட விவாகரத்து 1884வரை திரும்பவில்லை. விவாகரத்துச் சட்டமே இல்லாத காலத்தில் அதைப் பற்றி ஒரு நகைச்சுவை, அதுவும் கால்சட்டை வழியாக. இதை எழுதியவருக்குப் பாராளுமன்ற விவாதமும் பழக்கம், நாவல் சந்தையும் பழக்கம். பத்திரிகை அலுவலகத்து மூளை இது. டோமியே அப்போது மணமாகாதவர். அலெக்ஸாந்திரின் தாஸி என்ற தையல் தொழிலாளியை அவர் மணந்தது 1846இல்.

இந்த இடத்தில் டோமியேவை மொத்தமாக விடுதலை செய்துவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். வாசகம் அலுவலகத்துடையது, யோசனை கடையுடையது, அவர் வயிற்றுப்பாட்டுக்கு வரைந்தார் என்று. குடியரசுவாதி, ஏழைகளின் நண்பர், பின்னாளில் படிக்கட்டில் குழந்தையின் கையைப் பிடித்து ஏற்றிவிடும் சலவைக்காரியை அவ்வளவு கனிவாகத் தைலவண்ணத்தில் தீட்டியவர் பெண்களை இழிவு செய்வாரா என்றும் கேட்பார்கள். இதை நான் ஏற்கவில்லை. தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால்களை எந்த வாசகக்காரனும் வரையவில்லை. வரிசையின் முதல் படத்தில் கண்ணாடி முன் நிற்கும் பெண்ணின் தட்டையான உடலை அப்படிக் கோடிழுத்ததும் அந்தக் கைதான். வாசகத்தை மறைத்தாலும் டோமியே படம் முழுமையாக நிற்கும் என்று சற்று முன் சொன்னேனே, அது இங்கே அவருக்கு எதிரான சாட்சி. 1834இல் தந்தையின் உடலுக்கு அடியில் ஒரு குழந்தையின் தலையை வரைந்தவர், பத்தாண்டு கழித்து இன்னொரு குழந்தையை நகைச்சுவைக்காகத் தண்ணீரில் கவிழ்த்தார். இரண்டிலும் கை நடுங்கவில்லை. சலவைக்காரியிடம் இருந்த பரிவு எழுதுகோல் பிடித்த நடுத்தர வர்க்கப் பெண்ணிடம் அவருக்கு இல்லை. 1848இல் விவாகரத்துக் கேட்ட பெண்களையும் 1849இல் சோஷலிசம் பேசிய பெண்களையும் அவர் வரைந்த வரிசைகள் அதையே உறுதிப்படுத்துகின்றன. தணிக்கை 1848 மார்ச்சிலேயே நீக்கப்பட்டுவிட்டது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவர் யாரை வேண்டுமானாலும் வரைந்திருக்கலாம்.

ஆகவே குற்றப்பத்திரிகையில் இரண்டு பெயர் வர வேண்டும். படம் டோமியேவுடையது, அதற்கான பழியும் அவருடையது. வரி ஷாரிவாரி அலுவலகத்துடையது. அந்த அலுவலகத்தின் வாடிக்கையாளர்கள் படத்தில் இருப்பவர்களைப் போன்றவர்களே. சந்தா கட்டி, தங்கள் வீட்டுக் கூடத்தையே காலைக் காப்பியோடு பார்த்துச் சிரித்தவர்கள். சந்தா கட்ட முடியாதவர்கள் ஓபேர் கடையின் கண்ணாடிச் சாளரத்துக்கு முன் கூட்டமாக நின்று இலவசமாகப் பார்த்தார்கள். 1831இல் திராவியேஸ் என்ற ஓவியர் அந்தக் கூட்டத்தையே ஒரு கல்லச்சுப் படமாக்கியிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு அடியில் உள்ள வரியைப் படிக்கத் தெரிந்திருக்கும்? படிக்கத் தெரியாதவர் பார்த்தது கலப்படமில்லாத டோமியே.

டோமியே படங்களை மறுபதிப்பிடும் பதிப்பாளர்களுக்கும் இதழாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடிவாசகத்தை வெட்டி எறியாதீர்கள். அதை மொழிபெயர்த்து டோமியே பெயரில் மேற்கோளாகவும் போடாதீர்கள். படத்துக்குக் கீழே 'வரைந்தவர் டோமியே. வாசகம் லெ ஷாரிவாரி அலுவலகம்' என்று ஒரு வரி போட்டால் போதும். மகேர் வரிசையில் ஃபிலிப்போன் இதைத் தானே முன்வந்து செய்தார்.